முதல் லினக்ஸ் எது?

1998 ஜனவரியில் சென்னையில் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான பயனர் குழு தொடங்கியது. கூட்டங்கள் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் நடந்தன. நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மாணவர் அங்கே போய்ச் சந்தேகம் கேட்பதென்றால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பஸ் பயணம். நெய்வேலி தென் மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பிய ஊர்தான். ஆனால் வீட்டில் இணையம் என்றால் அன்று டயல்-அப் மோடம்.

லினக்ஸுக்குப் பல வடிவங்கள் உண்டு. புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் பதிலுக்குக் குறைவே இல்லை. 1993-இல் பிறந்த ஸ்லாக்வேர் என்பார் ஒருவர், அதே ஆண்டின் டெபியன் என்பார் இன்னொருவர், ரெட் ஹாட் என்பார் மற்றொருவர். அவரவருக்குப் பழகியதைச் சொன்னார்கள். கேட்டவரிடம் இருப்பது எந்தக் கணினி, பக்கத்தில் உதவ ஆள் உண்டா என்று விசாரித்தவர்கள் குறைவு. அதன் விலையைக் கொடுத்தவர் புதியவர்தான். கணினிக்குள் செருகிய மலிவு மோடங்களில் பல, விண்டோஸ் மென்பொருளை நம்பியே இயங்கியவை. லினக்ஸ் போட்டதும் அவை ஊமையாகிவிடும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருந்தால் அது இணையத்தில்தான் இருக்கும். இணையத்துக்குள் நுழையவோ அந்த டிரைவர் வேண்டும்!

2004 அக்டோபரில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வந்தது. 2011 வரை குறுந்தகட்டை இலவசமாகவே தபாலில் அனுப்பியது. நிறுவுவதும் எளிது. ஆனால் காப்புரிமைச் சிக்கலால் எம்பி3 பாட்டு அன்று அதில் எடுத்த எடுப்பில் பாடவில்லை. பாட்டை இயக்கத் தேவையான கோடெக் என்ற மென்பொருளைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. இளையராஜா பாட்டைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

அரசும் லினக்ஸைப் பரிந்துரைத்தது. 2007 வாக்கில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007-இல் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்ந்து வந்தது. நல்ல முடிவு. ஆனால் மடிக்கணினியைக் கையில் கொடுத்த வேகத்தில் கற்றுக்கொடுப்பவர்கள் உருவாகவில்லை. பல மாணவர்கள் பாஸைத் திறக்காமலே விட்டார்கள். கேரளம் ஐடி@ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடநூலையும் தேர்வையும் லினக்ஸில் அமைத்தது. அங்கே அது வகுப்பறையில் வேரூன்றியது.

நெய்வேலிக்கு வடக்கே விழுப்புரத்திலும் பின்னாளில் ஒரு லினக்ஸ் குழு உருவானது. கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாக, தமிழிலேயே கற்றுத்தருகிறார்கள். பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரத்தில், கேள்வி கேட்க ஆள் இருக்கிறார்கள்.