அகமுழவும் புறமுழவும்

ஏற்காட்டிலே குறிஞ்சித் திணையை நடத்துவது எளிது. பலகணிக்கு வெளியே சேர்வராயன் மலை நிற்கிறது. சொல்ல வேண்டியதில் பாதியை அதுவே சொல்லிவிடும். அன்று கருப்பொருளை விளக்கிக்கொண்டிருந்தோம். தெய்வத்தை எண்ணிய பட்டியலிலேயே தொல்காப்பியர் பறையையும் எண்ணுகிறார் என்றதும், மலைச் சிற்றூர் மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, சாவுக்கு அடிக்கும் பறையைச் சாமியோடு சேர்த்தா எண்ணினார்கள்?" என்றான்.

சிறுவன்மேல் பிழையில்லை. பறை என்றாலே பாடை நினைவுக்கு வரும்படி நாட்டை ஆக்கிவைத்தவர் யார்?

குறிஞ்சி மக்கள் தொண்டகப்பறை முழக்கிக் குரவை ஆடினர். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, பாலைக்குத் துடி. நிலத்துக்கொரு பறை! புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறப்பித்து எண்ணும் நான்கு குடிகளுள் துடியனும் உண்டு, பறையனும் உண்டு. முழக்கிய கருவியின் பெயரே அவர்களுக்குக் குடிப்பெயர், இழிபெயர் அன்று.

நம் மலைக்கு வடக்கே உள்ள தருமபுரிதான் பழைய தகடூர். அதனை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில், முரசு நீராடச் சென்றிருந்த வேளையில், மோசிகீரனார் அறியாது உறங்கினார். வாளெடுக்க வேண்டிய மன்னன் விசிறியெடுத்து வீசினான் என்பதை எல்லாரும் பாராட்டுவர். நாம் நோக்குவது வேறு. நீராட்டி, மாலை சூட்டி, கட்டிலேற்றி வழிபட்ட அரச முரசுக்குப் பொருது வென்ற காளையின் தோலைப் போர்த்துவது பண்டை வழக்கம். தோல் அன்று தீட்டாகவில்லை!

பிறகு வந்தது தரம் பிரிக்கும் காலம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் எழுதுவதைப் பாருங்கள். மத்தளம், இடக்கை, குடமுழா முதலியன உத்தமம், அவை அகமுழவு. தண்ணுமையும் தக்கையும் மத்திமம். கணப்பறை அதமம்; அது புறமுழவு. தமிழன் கருவிக்கு உயர்வு தாழ்வு கற்பிக்க மூன்று வடசொற்கள் வேண்டியிருந்தன!

உத்தமமான அந்தக் குடமுழாவைத் திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் காணலாம். வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய்கள், நடுவாய் பெரிது. ஒவ்வொரு வாயிலும் போர்த்தியிருப்பது என்ன? தோல்தான்! அந்த ஐந்து முகங்களுக்கும் சிவனின் ஐம்முகப் பெயர்களை இட்டனர். முழக்கும் உரிமை வழிவழியாக ஒரு மரபினருக்கு வந்தது. அதுவும் தோல், பறையும் தோல். ஆனால் குடமுழா கோயிலுக்குள்ளே முழங்கியபோது, பறையும் பறை முழக்கியவரும் மதிலுக்கு வெளியே நின்றனர். சென்னை மாகாணத்தில் அவர்களுக்குச் சட்டம் கதவு திறந்தது 1947இல்.

இவ்வளவும் கேட்ட அச்சிறுவன் மீண்டும் எழுந்தான். "தெய்வத்தோடு வைத்த பறையை அதமம் என்றால், தெய்வத்தை என்னவென்று எழுதினார்கள், ஐயா?"

மணி அடித்துவிட்டது. மறுநாள் பாடத்தை அவ்வினாவிலிருந்தே தொடங்கினோம்.