பொதுக்கூடங்களும் அண்டைவீட்டாரும்: சட்ட வரலாற்று நோக்கு

எலவனாசூர்கோட்டைக் கிராமார்த்தநாதேசுவரர் கோயில் சோழர்காலக் கல்வெட்டுகளை உடையது. இத்தகைய ஊர்களில் மக்கள் கூடுதற்குரிய இடம் நெடுங்காலம் கோயில் மண்டபமே. கூட்டமும் இசையும் விருந்தும் குடியிருப்புகளின் நடுவே தனிக் கட்டடங்களுக்குப் பெயர்ந்தபின் எழுந்த பூசல்களைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சென்னை மாகாணத்தில் 1888ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டுமென்றது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நிலப்பயன்பாட்டை வரையறுத்தன. இவை யாவும் கட்டடத்தையும் மனையையும் அளந்தன. சுவரைக் கடந்து செல்லும் ஓசையை அளக்கவில்லை.

அவ்வளவுகோலை 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தந்தன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிபாட்டு மன்றம் ஒன்றின் ஒலிபெருக்கி, மேள ஒலி பற்றிய முறையீடு அது. சாலை வாகனங்களின் இரைச்சலே காரணமென மன்றத்தார் வாதிட்டனர். பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எச்சமயமும் விதிக்கவில்லை என்று கூறி நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது.

எனினும் அவ்விதிகளிலேயே ஓர் இடைவெளி உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு உள்ள தடை, விருந்துக்கூடம், சமுதாயக்கூடம் போன்ற மூடிய அரங்குகளின் உட்பயன்பாட்டிற்குப் பொருந்தாது. நம் திருமண மண்டபங்களோ பெரும்பாலும் சாளரங்களும் திறந்த பந்தியிடமும் கொண்டவை. அவற்றுள் எதனை ‘மூடியது’ என்பது? அண்டைவீட்டாரின் உறக்கம் இச்சொல்லின் பொருளைச் சார்ந்தே நிற்கிறது.