பழைய இஞ்சினும் ஒரு குப்பி மண்ணெண்ணெயும்

1876-ல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருடம் தென்னிந்தியா முழுக்கப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஆர்தர் மர்காஷிஸ், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விடுதி தொடங்கினார். கஞ்சி ஊற்றியாயிற்று, அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன செய்வார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாக 1878-ல் அங்கே ஒரு தொழிற்பள்ளி எழுந்தது. தச்சு, கொல்லு, நெசவு, தையல் என்று கைத்தொழில்கள் சொல்லித்தரப்பட்டன. பையன்கள் செய்த மேசையையும் நாற்காலியையும் விற்று அடுத்த மரத்தை வாங்குவதுதான் அந்தக் காலத்துத் தொழிற்பள்ளிகளின் வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கற்பிப்பது இப்படிப் பஞ்ச காலத்து வரவு செலவுக் கணக்கோடுதான் ஆரம்பித்தது.

அதற்கும் முன்னால், பழைய ராதாபுரம் வட்டத்து இடையன்குடியில், பாதிரியார் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நூலும் சில மரக்கட்டைகளும் ஒரு திண்டும் இருந்தால் போதும், வகுப்பு நடக்கும். பனையை நம்பிப் பிழைத்த தேரிக்காட்டு ஊர்களில் முதலே இல்லாமல் கையில் காசு பார்க்க வைத்த தொழில் அது.

நாசரேத்தில் அந்தத் தொழிற்பள்ளிக்கு அடித்தளம் விழுவதற்கு முந்தின வருடம், ராதாபுரத்துக்கு வடமேற்கே மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். வக்கீல் படிப்பு, ரயில்வே உத்தியோகம், மர வியாபாரம் என்று சுற்றிவிட்டு 1911-ல் மதுரையில் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடம் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. மாட்டு வண்டிகள் உதிர்த்துவிட்டுப் போன லாட ஆணிகள் பஸ் டயர்களைக் கிழித்தன. காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் ஐயங்கார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடுகிற கலன்களை டி.வி.எஸ். செய்து விற்றது. தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் தொழிலும் அந்தக் குடும்பத்தின் கையில் வளர்ந்தது. இல்லாததை நினைத்து முடங்காமல் இருப்பதைக் கொண்டு வண்டியை நகர்த்துகிற இந்தப் புத்திதான் தென் மாவட்டத்து மோட்டார் தொழிலின் முதல் பாடம். டி.வி.எஸ். பட்டறையில் வேலை பழகியவர் என்றால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அவருக்குத் தனி மரியாதை.

மற்றவர்கள் பழகியது சாலையோரக் கொட்டகையில். வள்ளியூரிலும் பணகுடியிலும் திசையன்விளையிலும் நாகர்கோவில் சாலை நெடுகிலும் ஓலையோ தகரமோ போட்ட அந்தக் கொட்டகைகளில் பாடப்புத்தகம் கிடையாது. வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கும் மேஸ்திரியின் கை மட்டும் வெளியே நீளும். ‘பன்னெண்டு பதிமூணு எடுலே’ என்று குரல் வரும். பையன் அந்த ஸ்பானரை எடுத்து வைக்க வேண்டும். பத்து-பதினொன்று, பன்னிரண்டு-பதிமூன்று, பதினான்கு-பதினைந்து என்று இரு முனை ஸ்பானர்களின் எண் வரிசை முதலில் காதில் ஏறும், பிறகு கண்ணில், கடைசியில் விரலில். நட்டைத் தொட்டுப் பார்த்தே எந்த ஸ்பானர் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பையன் ஒரு படி ஏறிவிட்டான்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பழைய அம்பாசிடரும் ஜீப்பும் அங்குலக் கணக்கு. ஃபியட்டும், ஜெர்மன் பென்ஸ் கம்பெனியின் கூட்டில் 1954 முதல் வந்த டாடா லாரிகளும் மில்லிமீட்டர் கணக்கு. ஆகவே ஒரே கொட்டகைக்கு இரண்டு செட் ஸ்பானர் வேண்டும். ஒரு செட் மட்டும் வாங்க முடிந்தவர் மற்ற வண்டிகளைத் திருப்பி அனுப்பினார், அல்லது பொருந்தாத ஸ்பானரைப் போட்டு நட்டின் முனையை மழுங்கடித்தார். கருவிக்குக் காசில்லாத பட்டறையில் பையன் தப்பான பழக்கத்தையும் சேர்த்தே கற்றான். கஷ்டப்பட்டால் கைத்திறன் தானாக வரும் என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வேறொரு விலையும் இருந்தது. பட்டறைக்கு வந்தவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கற்றுக்கொடுக்கக் கட்டணம் இல்லை, ஆனால் சம்பளமும் இல்லை. டீ, சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு துணி, தவறினால் அடி. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் பிற்பாடு மோட்டார் பட்டறைகளும் சேர்ந்தன. 2016 திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் போக, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது. வந்திருக்க வேண்டிய சட்டம்தான் அது. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பட்டறை கற்றுக்கொடுத்ததை வேறெங்கே கற்பது என்பதற்கு அரசு வைத்திருந்த பதில், ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையம்.

கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு 1950-ல் தொடங்கியது. பி.சிவராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1956-ல் ஐ.டி.ஐ.க்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. அதே வருடம் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்து, நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே சான்றிதழ் என்றாயிற்று. 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இந்தச் சங்கிலியில் திருநெல்வேலிக்குக் கிடைத்தது பேட்டை ஐ.டி.ஐ. அம்பாசமுத்திரத்திலும் ராதாபுரத்திலும் அரசு நிலையங்கள் வந்தன. மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு, டீசல் மெக்கானிக் ஒரு வருடம். 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலியில் தனியாக இயங்கத் தொடங்கியபோது, ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பழகுநராகப் போய் நிற்பதற்கு ஒரு பெரிய பணிமனை உள்ளூரிலேயே கிடைத்தது.

கையில் காசு குறைவாக உள்ள ஒரு மோட்டார் வகுப்பறை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஐ.டி.ஐ. கொட்டகையைவிட நல்ல இடம் இல்லை. முதல் மாதங்களில் வண்டிப் பக்கமே போக விடமாட்டார்கள். வைஸில் ஒரு துண்டு இரும்பைக் கவ்வ வைத்து அரம் போடச் சொல்வார்கள். சதுரமாக வர வேண்டும், மட்டப்பலகையை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. சலிப்பூட்டுகிற வேலை. ஆனால் ஒரு அரம் நூறு பையன்களுக்கு உழைக்கும். ஒரே இரும்புத் துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் போட்டு மூன்று பயிற்சி செய்யலாம். அடுத்தது, அரசு அலுவலகம் ஒன்று கண்டம் செய்த ஜீப்பின் இஞ்சின். அதைப் பாதியாக அறுத்து, பிஸ்டனும் வால்வும் தெரிகிறபடி வண்ணம் பூசி வைத்தால் அது ‘கட் செக்‌ஷன்’. இன்னொரு இஞ்சின் கழற்றி மாட்டுவதற்கு. வருடத்துக்கு வருடம் கழற்றி மாட்டி, அதன் நட்டுகள் வழவழத்துப் போயிருக்கும்.

பேக்கிங் வெட்டுவதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். கடையில் அச்சுப் பேக்கிங் வாங்கக் காசில்லை. பேக்கிங் தாளைச் சுருளாக வாங்கி, இஞ்சின் மூடியின் மேல் விரித்து, பால்பீன் சுத்தியலால் ஓரத்தைச் சன்னமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். உலோக விளிம்பு தாளை வெட்டும். போல்ட் துளைகளின் மேல் சுத்தியலின் உருண்டை முனையால் ஒரு தட்டு, வட்டமாகத் துண்டு விழும். தாள் நகர்ந்தால் பேக்கிங் பாழ். அடியின் பலம் கூடினால் மூடியின் விளிம்பில் பள்ளம். ஒரு பேக்கிங்கை ஒழுங்காக வெட்டி முடிக்கும் பையனுக்கு, அந்த மூடியின் ஒவ்வொரு வளைவும் எண்ணெய் போகும் ஒவ்வொரு வழியும் மனப்பாடமாகியிருக்கும்.

வால்வு கிரைண்டிங் இன்னும் அருமையான பாடம். வால்வின் முகத்தில் பசையைத் தடவி, நுனியில் ரப்பர் கிண்ணம் உள்ள குச்சியை அதில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துச் சுழற்றுவதுபோல அங்கும் இங்கும் உருட்ட வேண்டும். முதலில் முரட்டுப் பசை, பிறகு மென்பசை. முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்துக்கு வளையம் தெரிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். முடிந்ததா என்று எப்படி நிச்சயிப்பது? சோதனைக் கருவி கிடையாது. சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளைப் பொருத்தி, குழிவில் ஒரு குப்பி மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள். சற்று நேரம் காத்திருந்துவிட்டு போர்ட் வழியாக விரலை விட்டுப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. மண்ணெண்ணெய் பொய் சொல்லாது. வாத்தியார் யார் பக்கமும் சாய வேண்டியதில்லை.

இந்த வகுப்பறைகளில் பற்றாக்குறை என்றால் இஞ்சின் பழசு என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பழைய இஞ்சின் ஒரு குறையே அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இயந்திரம் வாங்கக் கோப்பு நகரும், திறப்பு விழா நடக்கும், பெயர்ப் பலகை வரும். மண்ணெண்ணெய், கிரைண்டிங் பசை, பேக்கிங் தாள், உப்புத்தாள், ஹேக்ஸா பிளேடு ஆகியவற்றுக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. தீர்ந்துபோகிற பொருளும் ஓய்வுபெறுகிற ஆசிரியரும்தான் தொழிற்கல்வியில் எப்போதும் முதலில் காணாமல் போகிறவர்கள்.

பள்ளிக்கூடங்களின் கதை இதைச் சொல்லும். இடைநிலைக் கல்விக்காக 1952-ல் அமைந்த ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர், ஏ.லட்சுமணசுவாமி முதலியார். ஏட்டுப் படிப்போடு தொழிலும் கற்பிக்கிற பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது அந்த ஆணையம். 1978-ல் மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி பற்றிய தேசியக் குழுவுக்கும் தலைவர் ஒரு தமிழர்தான், மால்கம் ஆதிசேஷையா. அதே வருடம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது, தொழிற்பிரிவும் கூடவே வந்தது. கணக்குப்பதிவியல், வேளாண்மை, மின் சாதனங்கள், மோட்டார் என்று பிரிவுகள். சொல்லிக்கொடுக்க உள்ளூரில் தொழில் தெரிந்தவர்களைப் பகுதிநேரமாக அழைத்தார்கள். நல்ல யோசனை; ஆனால் பணி நிரந்தரத்துக்கு அவர்கள் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவர்கள் ஓய்வுபெற்ற இடங்கள் நிரப்பப்படாமல் பல பள்ளிகளில் அந்தப் பிரிவே நின்றுபோனது. ‘மார்க் குறைந்த பையனுக்குத் தொழிற்பிரிவு’ என்று வீட்டிலும் பள்ளியிலும் சொன்ன சொல், நிதிப் பற்றாக்குறையைவிடப் பெரிய சேதம் செய்தது. அமெரிக்காவில் 1917-லேயே ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வழியாக உயர்நிலைப் பள்ளிகளின் தொழிற்பாடத்துக்கு மத்திய அரசின் பணம் போகத் தொடங்கியது. அங்கேயும் பின்னாளில் இதே ஏளனம் பட்டறை வகுப்புகளைச் சுருக்கியது.

இந்த ஏளனத்தை ஏற்காதவர் ஜி.டி.நாயுடு. பொள்ளாச்சி-பழனி தடத்தில் 1920-ல் ஒரே பஸ்ஸோடு தொடங்கியவர். 1945-ல் கோவையில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் காரணமாக இருந்தார். நான்கு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இந்த ஏளனத்துக்கு நடுவிலும் ராதாபுரம் வட்டாரத்தில் ஐ.டி.ஐ. சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் இஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. கூடங்குளத்தின் முதல் அணு உலை 2013-ல் இயங்கத் தொடங்கியது. இரண்டிலும் டெக்னீசியன் பணிக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும். ஃபிட்டர், வெல்டர், டர்னர் என்று அரம் போட்டுத் தொடங்கியவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். இருபது வருடம் சாலையோரக் கொட்டகையில் வேலை பார்த்தவருக்கு அந்த வாசல் திறக்காது, சான்றிதழ் இல்லாததால். பழைய அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இப்போது மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. அது வள்ளியூர்க் கொட்டகைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தது. புதிய பைக்குகளில் கார்புரேட்டர் போய் எரிபொருளைத் தெளிக்கும் முறை வந்துவிட்டது. கோளாறு எங்கே என்று காதை வைத்துக் கேட்டவர்களுக்கு இப்போது ஸ்கேனர் வேண்டும். தமிழக அரசு 71 ஐ.டி.ஐ.க்களை 2,877.43 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்தது. ரோபோவும் கணினிக் கடைசல் இயந்திரமும் வந்தன; மின்சார வாகனப் பயிற்சியும் வந்தது. மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் சைக்கிளும் பஸ் பாஸும் கிடைக்கின்றன. நாசரேத்தில் பஞ்சத்துப் பிள்ளைகளை உட்கார வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தூரம்.

2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. சோதனை ஓட்டத்தில் தேறாத கார், அடிபட்ட கார், கழிக்கப்பட்ட பேட்டரிப் பெட்டி எந்த ஆலையிலும் சேரும். மின்னழுத்தம் நீக்கி, பாதுகாப்பாக அறுத்துத் திறந்த ஒரு மோட்டாரும் ஒரு பேட்டரிப் பெட்டியும் பேட்டைக்கு ஒன்று, அம்பாசமுத்திரத்துக்கு ஒன்று, ராதாபுரத்துக்கு ஒன்று என்று போக வேண்டும். அதோடு உயர் மின்னழுத்தக் கையுறையும் மின்காப்புப் பூசிய ஸ்பானர் செட்டும் வேண்டும்; தேயத் தேய அவற்றை மாற்றுவதற்கு ஒவ்வொரு வருடமும் தனியாக ஒரு தொகையும் ஒதுக்க வேண்டும்.