அடைமொழியும் ஆடுகளமும்: டென்னசி பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து வரலாறு

கிரிக்கெட் அணி என்றால் ஆடவர் அணி என்று நாமாகவே பொருள்கொள்கிறோம். பெண்கள் ஆடினால் 'மகளிர்' என்னும் அடைமொழி தேவைப்படுகிறது. மொழியியலார் முன்னதைக் குறியற்ற வடிவம் என்றும் பின்னதைக் குறியுற்ற வடிவம் என்றும் வழங்குவர். பொதுப்பெயர் ஆணுக்கும் அடைமொழி பெண்ணுக்கும் உரியதாகும் இவ்வழக்கைச் சமத்துவமின்மையின் அடையாளமாகவே நாம் வகுப்பறைகளில் கற்கிறோம். ஆனால் அத்தகைய அடைமொழி ஒன்று நீக்கப்பட்டபோது, அதைச் சுமந்த பெண்களே அதை மீட்கப் போராடிய நிகழ்வு அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதற்கான விடை அங்குள்ள மகளிர் கூடைப்பந்தின் வரலாற்றில் இருக்கிறது.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அண்மையிலிருந்த ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரென்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். கடும் விளையாட்டு பெண்ணுடலுக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. எனவே அவர் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியின் கோட்டைத் தாண்டலாகாது, எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கலாகாது என்று விதி வகுத்தார். விளையாட்டைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட கையே அதற்குள் கோடுகளையும் வரைந்தது.

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் 1903இல் பிற கல்லூரிகளுடன் ஆடத் தொடங்கினர். 1926இல் அந்த அணி நிறுத்தப்பட்டது. போட்டி விளையாட்டு மாணவியரின் உடலுக்கும் இயல்புக்கும் தீங்கு என்னும் கருத்து அப்போது நாடெங்கும் வலுப்பெற்றிருந்தது. உடற்கல்வித் துறையில் பொறுப்பிலிருந்த பெண்கள் பலரும் அக்கருத்தையே கொண்டிருந்தனர். 1960களில் அணி மீண்டபோது அதற்குக் கிடைத்த பெயர் 'வாலெட்ஸ்'. டென்னசி ஆடவர் அணிகளின் பெயர் 'வாலன்டியர்ஸ்', அதாவது தன்னார்வலர்கள். 1812ஆம் ஆண்டுப் போரில் தாமாக முன்வந்த வீரர்களை நினைவூட்டும் பெயர் அது. அதைச் சுருக்கி 'எட்' விகுதி சேர்த்துப் பெண்களுக்குச் சூட்டினர். அவ்விகுதி பெண்பாலை மட்டும் குறிப்பதன்று. 'கிச்சனெட்' என்றால் சிறு சமையலறை. 'லெதரெட்' என்றால் போலித் தோல். சிறுமையும் போலியும் பெண்மையும் ஒரே விகுதிக்குள் அடங்கிக் கிடந்தன.

1972 ஜூனில், நடுவண் அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் நிறைவேறியது. 1974இல் 22 வயதான பேட் ஹெட் டென்னசி அணியின் தலைமைப் பயிற்றுநரானார். திருமணத்திற்குப்பின் பேட் சம்மிட் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். மாத ஊதியம் 250 டாலர். சீருடைகளைத் துவைத்தவரும், வெளியூர்ப் போட்டிகளுக்கு வேனை ஓட்டிச் சென்றவரும் அவரே. எதிரணியின் உடற்பயிற்சிக்கூடத்திலேயே பாய் விரித்து உறங்கிய இரவுகளும் உண்டு. அவர் பயிற்றுவித்த முதல் ஆட்டத்தில் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

1970களின் நடுப்பகுதியில் பெண்கள் விளையாட்டுக்கெனத் தனித்துறை அமைந்தது. 'வாலெட்ஸ்' மறைந்து 'லேடி வாலன்டியர்ஸ்' வந்தது. அடைமொழி நீங்கவில்லை, ஆனால் சிறுமைப்படுத்தும் விகுதி நீங்கி முழுப்பெயர் கிடைத்தது.

பழைய கோடு மட்டும் பள்ளிகளில் அழியாமல் இருந்தது. கல்லூரிப் பெண்கள் 1971இலேயே ஐவர் அணியாக முழுக் களத்திலும் ஆடத் தொடங்கிவிட்டனர். டென்னசி பள்ளிகளிலோ அணிக்கு அறுவர். மூவர் தாக்க, மூவர் தடுக்க, எவரும் நடுக்கோட்டைக் கடக்கலாகாது. தடுப்பாட்டக்காரி தன் பள்ளிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலே இருந்துவிடலாம். அவளுக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை தரும்? 1976இல் ஒரு மாணவி இவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றபோது சம்மிட் அவர் பக்கம் நின்றார். அம்மாணவிக்குச் சாதகமான தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளுபடியாயிற்று. ஆயினும் 1979இல் அரைக்கள ஆட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. 1987க்கும் 2008க்கும் இடையில் எட்டுத் தேசியப் பட்டங்கள். 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்களிலும் வெற்றி. சம்மிட்டின் கணக்கில் மொத்தம் 1,098 வெற்றிகள். 1987 டிசம்பரில் டெக்சாஸ் அணியுடனான ஓர் ஆட்டத்தைக் காண 24,563 பேர் திரண்டனர். தம் ஆட்டக்காலத்தை டென்னசியில் நிறைவுசெய்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றனர் என்பதையே அவர் பெருமையாகக் கொண்டார். 2011இல் தமக்கு அல்சைமர் நோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். 2012இல் பொறுப்பிலிருந்து விலகினார். 2016இல் 64ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விலகிய காலத்தையொட்டியே மகளிர் விளையாட்டுத் துறை ஆடவர் துறையுடன் இணைக்கப்பட்டது. 2014இல், இனி எல்லா அணிகளும் 'வாலன்டியர்ஸ்' என்றே அழைக்கப்படும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. சம்மிட்டின் மரபைக் கருதி மகளிர் கூடைப்பந்துக்கு மட்டும் விலக்கு. கோட்பாட்டின்படி இது முன்னேற்றம். குறியற்ற வடிவம் அனைவருக்கும் பொதுவாகிறது. முன்னாள் வீராங்கனையரும் இரசிகர்களும் அதை ஏற்கவில்லை. மனுக்களும் எதிர்ப்பும் தொடர்ந்தன. 2017இல் 'லேடி வாலன்டியர்ஸ்' எல்லா மகளிர் அணிகளுக்கும் திரும்பியது.

அவர்களின் எதிர்ப்பைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட இயலாது. 'வாலன்டியர்ஸ்' என்ற பொதுப்பெயருக்குள் அப்போதும் ஆடவர் விளையாட்டின் நினைவே நிறைந்திருந்தது. தனித்துறை போய்விட்ட நிலையில், அப்பெண்கள் கட்டியெழுப்பியதற்குச் சான்றாக எஞ்சியிருந்தது அந்தச் சொல் மட்டுமே. ஒரு சொல் குறியுற்றதா என்பதை இலக்கணம் சொல்லிவிடும். அந்தக் குறி தழும்பா, பதக்கமா என்பதை அதை அணிந்தவர்களைக் கேட்காமல் அறிய முடியாது.