திரியாய் வீதியும் முன்சில்லும்

திரியாயில் மோட்டார் சைக்கிளின் கதை வீதியின் கதைதான். 1985இல் போரால் ஊர் இடம்பெயர முன்னரும், சனம் திரும்பிய பிறகும், திருகோணமலைக்குப் போகக் குச்சவெளி, நிலாவெளி தாண்ட வேண்டும். வழியெல்லாம் குழியும் மணலும். அப்பா ஓடியது ஹொண்டா சி 90. 1958இல் பிறந்த சூப்பர் கப் வம்சம். முன்சில்லு சிறு இணைப்புக் கைகளில் ஆடும், பிரேக் பிடித்தால் மூக்கு மேலெழும். எனக்கு அந்த முன்சில்லு அமைப்பு பிடித்ததேயில்லை. எண்ணெயால் அதிர்வடக்கும் குழாய் ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ 1935இலேயே ஆர் 12இல் தந்துவிட்டது. போருக்குப் பின் பாலங்களும் தாரும் வந்தன. பெடியள் இப்போது தூரப்பயணம் போகிறார்கள். உப்புக்காற்று மட்டும் மாறவில்லை. ஹாண்டில் கழுத்துக் குண்டுகளை அது அரித்துவிடும். முன்சில்லைத் தூக்கி நிறுத்தி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கிரீஸ் போதாது, குண்டுகளோடு அவை உருளும் கிண்ணங்களையும் சேர்த்து மாற்றுங்கள். பொருந்துமானால் கூம்பு உருளை பெயாரிங்கே போடுங்கள்.