பழனியில் ஒரு நாள்



பழனிக்குச் சென்று வந்தோம் என்பார் நம்மிற் பலர். அங்கு யாது கண்டீர் என வினவினால், மலை ஏறினோம், தண்டாயுதபாணியைத் தரிசித்தோம், பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு திரும்பினோம் என்பர். வழிபாட்டிற்கு அது போதும். வரலாற்றை அறிய விழைவோர்க்கு அது போதாது. ஏனெனில், பழனியின் வரலாறு மலையுச்சியில் தொடங்கவில்லை, அடிவாரத்தில் தொடங்குகின்றது. ஒரு நாளில் அவ்வூரைக் காணச் செல்வோர் காலைப் பொழுதை அடிவாரத்திற்கே ஒதுக்குதல் நன்று.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழனி. தெற்கே நீண்டு உயர்ந்து தோன்றுவது கோடைக்கானலைத் தன் முடியிற் கொண்ட பழனி மலைத்தொடர். முருகன் கோயில் அத்தொடரின்மேல் இல்லை. சமவெளியில் தனித்து நிற்கும் சிறு குன்றின்மேல் உள்ளது. குன்றின் அருகே வையாபுரிக் குளமும், ஊரையடுத்துச் சண்முகநதியும், அவற்றைச் சூழ வயல்களும் உள்ளன. பழனம் என்னும் சொல்லுக்கு வயல் என்பது பொருள். ஊர்ப்பெயர் அச்சொல்லிலிருந்து வந்தது என்பார் உளர். ‘பழம் நீ’ என்னும் தொடரே பழனியாயிற்று என்பது மக்கள் அனைவரும் அறிந்த புராணக் கதை. சங்கநூல் கூறும் ‘பொதினி’ என்னும் பெயரே மருவிப் பழனி ஆயிற்று என்பது தமிழறிஞர் பலர் கொள்கை.

அப்பொதினி யாருடைய ஊர்? ஆவியர் குடியிற் பிறந்த வேளிர்க்குரிய ஊர். நெடுவேள் ஆவி என்னும் தலைவனுக்குரிய செல்வம் மிக்க நகராக அகநானூறு அதனைக் குறிக்கின்றது. அடிவாரத்தில் உள்ள திருஆவினன்குடிக் கோயிலின் பெயரில் அக்குடியின் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. திருமகள், காமதேனு, கதிரவன் முதலியோர் வழிபட்டமையால் அப்பெயர் வந்தது எனத் தலபுராணம் கூறும். ஆவியர் வாழ்ந்த குடியிருப்பு என ஆராய்ச்சியாளர் கூறுவர். பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் போற்றும் மூன்றாம் படைவீட்டின் பெயரும் ஆவினன்குடி என்பதே. ஆகவே, மலைக்கோயிலை மட்டும் கண்டு திரும்புவோர், நக்கீரர் பெயர் சுட்டிய தலத்தைக் காணாமலே திரும்புகின்றனர்.

இவ்வாவியர் குடியின் பெருமகன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குகிறது என எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். இவ்வளவும் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதன்மேல் உள்ள செய்தியைப் பலரும் அறிந்திலர்.

பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியின்பால் மனம் வைத்தான். இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள். அவள் தனித்திருந்து வருந்தினாள். இதனை அறிந்த கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வரும் அவனிடம் சென்றனர். பரிசில் பெறும் நிலையில் இருந்த புலவர்கள், பொருள் வேண்டிலர். அணிகலனும் செல்வமும் வேண்டா. உன் தேரைப் பூட்டி அவளிடம் செல்வதே நீ எமக்குத் தரும் பரிசில் என்னும் கருத்துப்படப் பாடினர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் இதற்குச் சான்று.

அன்பர்களே, இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். ஊரெல்லாம் புகழும் வள்ளலிடம், உன் கொடை உன் வீட்டு வாயிலை எட்டவில்லை என்று நேருக்கு நேர் கூறுதல் எளிதன்று. அதனைக் கூறினர் புலவர். கூறியோரைத் தமிழுலகம் மறவாமல் ஏட்டிலும் போற்றி வைத்தது. மயிலுக்கு இரங்கியவனைப் போற்றிய நாட்டில், மனைவிக்கு இரங்காமையைக் கண்டிக்கவும் நா இருந்தது. பழனி மண்ணில் நாம் அறியவேண்டிய முதல் வரலாறு இதுவே.

இனி மலை ஏறுவோம். படிகள் ஏறக்குறைய 700. படி ஏற இயலாதோர்க்கு யானைப்பாதை உண்டு. 1966 முதல் இழுவை ரயிலும், 2004 முதல் கம்பிவட ஊர்தியும் உள்ளன. முதியோர்க்கு அவை பேருதவி. வழியில் இடும்பன் சந்நிதி உள்ளது. அகத்தியருக்காக இரு குன்றுகளைத் தோளிற் சுமந்து வந்த இடும்பனின் கதையே காவடிக்கு மூலம் என்பர்.

உச்சியில் மேற்கு நோக்கி நிற்கின்றான் முருகன். அத்திசையில் உள்ள கேரள நாட்டிலிருந்து அன்பர் திரள் திரளாக வருவதும், சேரமான் பெருமாள் இக்கோயிலை எடுப்பித்தான் என்னும் வழக்கும் கருதத்தக்கவை. மூலத் திருவுருவை நவபாஷாணத்தாற் போகர் அமைத்தார் என்பது மரபு. கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டுக்கள் பிற்காலப் பாண்டியர், விசயநகர வேந்தர் காலங்களைச் சேர்ந்தவை. அருணகிரிநாதரின் திருப்புகழும் 15ஆம் நூற்றாண்டினதே என்பர். மரபுக்கு உரிய இடம் வேறு. கல்லெழுத்துக்கு உரிய இடம் வேறு. இரண்டையும் மதித்து, ஒன்றை மற்றொன்றாக மயங்காதிருத்தலே வரலாறு கற்போர் கடன்.

மாலையில் ஊருக்குள் உள்ள பெரியநாயகியம்மன் கோயிலைக் காண்க. தைப்பூசக் கொடி ஏறுவது அங்கே. பங்குனி உத்திரக் கொடி ஏறுவது திருஆவினன்குடியில். விழாக்கள் இரண்டும் அடிவாரத்திலேயே தொடங்குகின்றன. தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடியோடு நடந்து வருகின்றனர். பண்டு உப்பு வாணிகம் செய்தவரிடமிருந்து அவ்வழக்கம் தோன்றியது என்பது அவர்கள் வரலாறு. பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியிலிருந்து காவிரி நீர் தோளில் வருகின்றது. வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலம் சேர்ந்த பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வணிகரும் உழவரும் அண்டை நாட்டாரும் நடந்த பாதைகள் பலவும் இக்குன்றின் அடியில் வந்து கூடுகின்றன.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். படியேறுமுன் திருஆவினன்குடியில் அரைமணி நேரம் அவர்களை அமர்த்துங்கள். பேகன் மயிலுக்குத் தந்தது யாது என்று வினவுங்கள், அனைவரும் விடையிறுப்பர். புலவர் நால்வர் அவனிடம் வேண்டியது யாது என்று அடுத்து வினவுங்கள். விடை தெரியாது விழிப்பவர்க்கு அங்கேயே கண்ணகியின் துயரை எடுத்துக் கூறுங்கள். அதன்பின் மலை ஏறலாம்.