சித்திர நூல்களும் சிறுவர் நூலகமும்

வாசிப்பைக் கட்டளையாகக் கொண்டு தொடங்கிய திருமறையை உடையவர்கள் நாம். மேடைதோறும் அதனைப் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயின், எழுத்துக் கூட்டக்கூட அறியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்பியதில்லை. எழுத்து கண்ணுக்குப் பிடிபடுமுன் படம் பிடிபடுகிறது. படத்தைக் காட்டிக் கதை சொல்லும்போது, ஏட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்னும் ஆவல் குழந்தையின் உள்ளத்தில் முளைவிடுகிறது. சித்திர நூல் என்பது நூலகத்திற்குள் நுழையும் முதற்படி.

இஃது அண்மைக்கால மேனாட்டு வழக்கம் என்றும், மார்க்கப் பற்றுள்ள வீட்டிற்கு ஏலாதது என்றும் கருதுவோர் நம்மிடையே உண்டு. வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

பாரதத்தில் பிறந்து பஸராவில் வளர்ந்த நூல்

நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகப் பேரரசர் குஸ்ரூ அனூஷிர்வானின் ஆட்சிக் காலத்தில் (531–579) பஹ்லவி மொழிக்குச் சென்றன. மருத்துவர் புர்ஸோய் அவற்றைக் கொண்டுசென்றார் என்பது மரபு. ஏறத்தாழ 750ஆம் ஆண்டளவில், பாரசீகக் குடியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவரும் பஸராவில் அரசு எழுத்தராக விளங்கியவருமான இப்னுல் முகஃப்பஃ அந்நூலை அரபியில் ஆக்கினார். கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளும் கலீலா, திம்னா எனப் பெயர் மாறின. அரபு உரைநடையின் தலையூற்றுகளுள் ஒன்றாக அந்நூல் இன்றும் போற்றப்படுகிறது.

அந்நூலின் முகவுரை நம் பொருளுக்கு இன்றியமையாதது. நூல் இவ்வாறு அமைந்ததற்கு நான்கு நோக்கங்களை ஆசிரியர் அங்கு எடுத்துரைக்கிறார். விளையாட்டில் நாட்டங்கொண்ட இளையோர் விலங்குகளின் பேச்சால் ஈர்க்கப்பட்டு நூலை நாடவேண்டும் என்பது முதல் நோக்கம். பல வண்ணங்களில் தீட்டப்பெற்ற விலங்குருவங்கள் அரசர்களின் உள்ளத்தைக் களிப்பூட்ட வேண்டும் என்பது இரண்டாவது. இவ்வாறு விரும்பப்படுவதால் நூல் மிகுதியாகப் படியெடுக்கப்பட்டு அழியாது நிலைக்கவேண்டும், ஓவியரும் எழுத்தரும் அதனால் பயன்பெற வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவது நோக்கம் அறிஞர்க்குரிய உட்பொருள். இளையோரை ஈர்த்தல், படத்தால் மகிழ்வித்தல், நூலைப் பரப்புதல் என்னும் மூன்றையும் ஒருசேர எண்ணிய அம்முகவுரையைச் சித்திர நூற் கலையின் பழைய சாசனங்களுள் ஒன்று எனலாம்.

அவ்வெண்ணம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பெற்ற கலீலா–திம்னா சித்திரப் பிரதியொன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதே நூலகத்தில், 1237இல் யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸித்தி எழுதிச் சித்திரந்தீட்டிய ஹரீரியின் ‘மகாமாத்’ பிரதியும் இருக்கிறது. அதில் ஒரு நூலகக் காட்சி உண்டு. நூல்கள் மாடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாய் அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் முன்னே மக்கள் அமர்ந்து உரையாடுகின்றனர். அக்கால நூலகம் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கே ஒரு சித்திரம் துணைபுரிகிறது.

தடையும் தளர்வும்

உருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞரிடையே கடுமையான கருத்துகள் இருந்தன, இருக்கின்றன. அதனை மறைப்பது நேர்மையன்று. சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள மகாமாத் பிரதி ஒன்றில், உருவங்களின் கழுத்துக்குக் குறுக்கே பிற்காலத்தார் கருங்கோடு இழுத்திருப்பதைக் காணலாம். உயிரற்றவை என்று குறிப்பதற்காகச் செய்த செயல் அது. ஆயினும் அந்நூலை அவர்கள் எரித்துவிடவில்லை என்பதும் நோக்கற்பாலது.

குழந்தைகள் திறத்திலோ, தளர்வுக்குத் தெளிவான சான்று உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடியதும், அவற்றிடையே துணியாலான சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்ததும், அதுபற்றி அன்னையார் சொன்ன மறுமொழி கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நகைத்ததும் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் காணப்படுகின்றன. சிறுமியரின் பயிற்சிக்காகப் பொம்மைகளை விற்பதும் வாங்குவதும் ஆகும் என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவு என்று காழி இயாழ் (ரஹ்) அவர்கள் குறித்துள்ளார்கள். ‘பயிற்சிக்காக’ என்னும் காரணமே இங்குக் கருதத்தக்கது. குழந்தை கற்பதற்கு உதவும் உருவத்திற்கு ஒரு தனியிடம் அளிக்கப்பட்டிருக்கிறது.

மேனாட்டில் நிகழ்ந்தது

ஐரோப்பாவில் 1658ஆம் ஆண்டு, செக் நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ் உலகப் பொருள்களைப் படத்துடன் கற்பிக்கும் பாடநூலை நியூரம்பர்க் நகரில் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ண அச்சு மலிந்தது. 1878 முதல் இங்கிலாந்தில் ராண்டால்ஃப் கால்டெகாட் படைத்த சித்திர நூல்கள் குழந்தைகளின் கைக்கு வந்தன. ஆயின், நூல் அச்சாவது ஒன்று. ஏழைக் குழந்தையின் கைக்கு அது சேர்வது வேறொன்று. அப்பணியை மேற்கொண்டவை பொது நூலகங்கள்.

தொடக்கத்தில் அமெரிக்க நூலகங்கள் பலவும் சிறுவரை உள்ளே விட விரும்பவில்லை. கை அழுக்காகும், ஏடு கிழியும், சத்தம் எழும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். ஹார்ட்ஃபோர்ட் நகர நூலகர் கரோலின் ஹெவின்ஸ் அம்மையார் 1882இல் சிறுவர்க்குரிய நூற்பட்டியல் ஒன்றை வெளியிட்டு அம்மனப்போக்கை எதிர்த்தார். கிளீவ்லாந்து நகரில் 1897இல் லிண்டா ஈஸ்ட்மன் அம்மையார் சிறுவர் நூலகக் கழகம் ஒன்றை அமைத்து, நூலைப் பேணும் பொறுப்பைச் சிறுவர்களிடமே ஒப்படைத்தார். கிழிப்பார்கள் என்று அஞ்சப்பட்டவர்களையே காவலராக்கியது அத்திட்டத்தின் நுட்பம்.

அக்காலத்தில்தான் கோடை வாசிப்பு என்னும் வழக்கமும் வேர்கொண்டது. ஆலை நகரங்களில் குடியேறிகளின் குழந்தைகள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். பள்ளிகள் நீண்ட கோடை விடுமுறைக்கு மூடப்பட்டதும் தெருவே அவர்களுக்குப் போக்கிடம் ஆயிற்று. பிட்ஸ்பர்க் கார்னகி நூலகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் நூல்களைக் கோடை விளையாட்டுத் திடல்களுக்கே அனுப்பியது. கதை சொல்லல், நூற்பட்டியல், வாசித்தோர் கணக்கு, பாராட்டுச் சான்று என்று இம்முயற்சி நாளடைவில் நாடெங்கும் பரவியது. நியூயார்க் நூலகத்தில் 1921இல் பணியேற்ற பூரா பெல்ப்ரே அம்மையார் போர்ட்டோ ரிக்கோ தீவினர். அவர் ஸ்பானிய மொழியிலும் கதை சொல்லத் தொடங்கினார். தம் தாய்மொழியைக் கேட்ட குடியேறிகளின் குழந்தைகளுக்கு அந்நூலகம் தமக்கும் உரியது என்பது அப்போதே விளங்கியது.

இவ்வுழைப்பின் பயனைப் பின்னர் ஆய்வும் உறுதிசெய்தது. அட்லாண்டா நகரில் ஏறத்தாழ 3,000 மாணவரை ஆராய்ந்து பார்பரா ஹெய்ன்ஸ் 1978இல் ஒரு நூலை வெளியிட்டார். பள்ளி நடைபெறும் மாதங்களைக் காட்டிலும் கோடையில்தான் ஏழை மாணவர்க்கும் செல்வர்க்கும் இடையே கல்வி இடைவெளி அகல்கிறது என்று அவர் கண்டார். கோடையில் படித்த நூல்களின் எண்ணிக்கை, பொது நூலகத்திற்குச் செல்லும் வழக்கம், வீட்டிற்கும் நூலகத்திற்கும் உள்ள தொலைவு ஆகியவை சொல்வள வளர்ச்சியோடு தொடர்புடையனவாக இருந்தன. விடுமுறையில் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்குப் பொது நூலகத்தைப் போல் துணைநின்ற பொது நிறுவனம் வேறில்லை என்பது அவர் கண்ட முடிவு.

எகிப்தும் ஈரானும்

முஸ்லிம் நாடுகள் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. எகிப்தில் காமில் கீலானி (1897–1959) கடலோடி சிந்துபாதின் கதையை 1927இல் சிறுவர்க்காக வெளியிட்டார். அரபியில் நவீன சிறுவர் இலக்கியத்தின் முன்னோடி என அவர் மதிக்கப்படுகிறார். இலக்கிய அரபியை உயிர்க்குறிகளோடு அச்சிட்டால் குழந்தை தடையின்றிப் படிக்கும் என்பது அவர் கொள்கை. எளிமை என்ற பெயரால் மொழியைத் தாழ்த்த அவர் உடன்படவில்லை. பின்னர் 1991இல் ‘அனைவர்க்கும் வாசிப்பு’ என்னும் இயக்கம் எகிப்தில் கோடைக்கால விழாவாகவே தொடங்கிற்று. 1994 முதல் ‘குடும்ப நூலகம்’ என்னும் வரிசையில் மலிவுப் பதிப்புகள் வெளிவந்து, எளியோர் வீடுகளிலும் நூல்கள் இடம்பெற்றன.

ஈரானில் 1965இல் சிறுவர் இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனம் தோன்றியது. ‘கானூன்’ எனச் சுருங்க அழைக்கப்படும் அதனை வளர்த்தவர் நூலகவியல் பயின்ற லீலி அமீர் அர்ஜுமந்த் அம்மையார். நகரங்களில் சிறுவர் நூலகங்களை நிறுவியதோடு நில்லாமல், தன் நாட்டு எழுத்தாளரையும் ஓவியரையும் கொண்டே நூல்களை ஆக்கியது அந்நிறுவனம். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரான ஸமத் பெஹ்ரங்கியின் ‘சின்னக் கருப்பு மீன்’ 1968இல் ஃபர்ஷீத் மிஸ்காலியின் சித்திரங்களுடன் வெளிவந்தது. மிஸ்காலிக்கு 1974இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. 1979ஆம் ஆண்டுப் புரட்சி ஆட்சியை மாற்றியது. ஆனால் கானூன் கலைக்கப்படவில்லை. குழந்தைக்குரிய ஏட்டைப் பழைய ஆட்சியும் விரும்பியது, புதிய ஆட்சியும் கைவிடவில்லை.

நம் கடமை

பஞ்சதந்திரம் தமிழில் அச்சேறிய வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் தகும். சென்னைக் கல்விச் சங்கத்துத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து அதனை 1826இல் உரைநடையாக்கினார். அச்சங்கம் கும்பினி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்த நிலையம். இளையோரையும் ஈர்க்குமென்று அரபியில் எண்ணப்பட்ட நூல், பிறந்த நாட்டில் அயலதிகாரிகள் மொழி பயிலும் பாடமாகவும் அமைந்தது விந்தையே.

இன்று நிலை மாறியிருக்கிறது. 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. 2010இல் திறக்கப்பெற்ற சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. சித்திர நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆயின் அட்லாண்டா ஆய்வு சொன்ன ‘தொலைவு’ இங்கும் பொருந்தும். தலைநகர் மாளிகைக்குச் சிற்றூர்க் குழந்தை எவ்வாறு நடந்து செல்லும்? அக்குழந்தை நடந்து செல்லும் தொலைவில் இருப்பது பள்ளிவாசலும் மக்தபும்தாம்.

பள்ளிவாசலை ஒட்டி நூலகம் நடத்தும் ஜமாஅத்துகள் சிந்திக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் கனத்த தொகுதிகள் மட்டும் இருக்குமாயின், குழந்தை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தாழ்ந்த அடுக்கும், ஐம்பது சித்திர நூல்களும், விரிப்பதற்கு ஒரு பாயும் போதும். கோடை விடுமுறையில் காலை ஓதல் முடிந்தபின் ஒரு மணி நேரம் கதை சொல்ல, படித்த பெண்மணி ஒருவர் முன்வந்தால் போதும். உருவப்படம் பற்றி ஐயம் உடையோர், இலையும் மலையும் கடலும் விண்மீனும் தீட்டிய நூல்களிலிருந்து தொடங்கலாம். ஏடு கிழியுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கிழிந்த ஏட்டை ஒட்டிவிடலாம். ஏட்டையே தொடாமல் வளர்ந்த குழந்தையைப் பின்னர் எந்த நூலகத்திற்கு அழைப்பது?

இப்னுல் முகஃப்பஃ எதிர்பார்த்தபடி, படமும் கதையும் அந்நூலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழவைத்தன. நம் சிறார்க்கும் அவ்வாயில் திறக்க வல்லவன் அருள்புரிவானாக.